மாட்டுக்கு ஏறிய சூட்டை அளப்பது எப்படி? கறவை மாடுகளின் வெப்ப அயர்ச்சியை மதிப்பிட முழுமையான வழிகாட்டி

வெயில் காலத்தில் பால் குறைந்த பிறகுதான் பலரும் மாட்டை உற்றுப் பார்க்கிறார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும். இன்று மாட்டுக்கு ஏறும் சூட்டின் விளைவு பால் அளவில் முழுதாகத் தெரிய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். சினைப் பிடிப்பில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். வயிற்றில் இருக்கும் கன்றுக்கு நேர்ந்த சேதமோ அது பிறந்து வளர்ந்து கறவைக்கு வரும்போதுதான் வெளிப்படும். அதனால் பால் குறையட்டும் என்று காத்திருக்காமல் சூட்டையே அளந்துவிட வேண்டும். அதற்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் ஒரு சிறு கருவி, ஒரு மருத்துவ வெப்பமானி, நொடி காட்டும் கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும்.

எத்தனை அளவுகள் எடுத்தாலும் கடைசியில் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில் இறக்கிவிட்டதா? நடுப்பகலில் மாடு இரைப்பது எல்லார் கண்ணிலும் படும். விடியற்காலையில் அதே மாடு எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே நேரத்து அளவை வைத்து முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் நான் அதிகம் காணும் குறை.

மாட்டின் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு

பசுவின் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போதே வெப்பம் உண்டாகிறது. பால் சுரக்கும் வேலை அதை இன்னும் கூட்டுகிறது. பால் வற்றிய மாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், நாளுக்கு 18.5 கிலோ பால் தந்த மாடுகள் 27 சதவீதமும், 31.6 கிலோ தந்தவை 48 சதவீதமும் கூடுதலாக வெப்பம் உண்டாக்கின. நன்றாகக் கறக்கும் மாடுதான் முதலில் வாடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வெப்பத்தை வெளியே தள்ள மாட்டுக்குச் சில வழிகள்தான் உண்டு. சுற்றியுள்ள காற்றும் தரையும் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானாக அவற்றுக்குப் போய்விடும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்கினால் அந்த வழி அடைபடும். பிறகு வியர்வையும் மூச்சும்தான் கதி. இரண்டுமே நீர் ஆவியாவதை நம்பியவை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் மட்டுப்படும்.

கறவையில் உள்ள ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் பசு சிரமமின்றி இருக்கும் வெப்பநிலை சுமார் 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. நமக்கு இதமாக இருக்கும் மாலைப்பொழுது அதற்குப் புழுக்கமாக இருக்கலாம். ஆகவே உங்கள் தோல் சொல்வதை வைத்து மாட்டின் நிலையை எடை போடாதீர்கள்.

படி 1: கருவியைச் சரிபார்த்தல்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் மலிவான கருவிகள் பல சதவீதம் பிசகிக் காட்டுவது சாதாரணம்.

ஈரப்பதத்தைச் சரிபார்க்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரச் சேறாக்குங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஒன்றோடொன்று படாமல், காற்றுப் புகாத ஒரு டப்பாவில் வைத்து மூடி, நிழலான அறையில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 70 என்று காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதைக் கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டு, இனி எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, கோடை தொடங்கும் முன், இதைத் திரும்பச் செய்வது நல்லது.

மருத்துவ வெப்பமானி இரண்டு வைத்திருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டு, தவறுவதைத் தூக்கிப் போடுங்கள். இந்த வேலையில் அரை டிகிரி என்பது பெரிய விஷயம்.

படி 2: கருவியை மாடு இருக்கும் இடத்தில் வைத்தல்

தொலைவில் உள்ள வானிலை நிலையத்தின் எண், திறந்தவெளியில் நிழலில் எடுத்தது. கொட்டகைக்குள் மாடுகளின் மூச்சு, சாணம், சிறுநீர், நனைந்த தரை எல்லாம் சேர்ந்து வேறொரு காற்றை உண்டாக்கியிருக்கும். நாளைக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டி அறிய வானிலை அறிக்கை உதவும். இன்றைக்கு மாடு எதில் நிற்கிறது என்பதை அது சொல்லாது.

கருவி மாட்டின் முதுகு உயரத்தில், ஆனால் அதன் நாக்குக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நேர் வெயில், தகரக் கூரையின் அடிப்பகுதி, தெளிப்பானின் சாரல், விசிறியின் நேர்வீச்சு ஆகிய நான்குக்கும் விலகியிருக்க வேண்டும். ஒரே கருவிதான் என்றால் மாடுகள் அதிக நேரம் படுக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு இருந்தால், இரண்டாவதைக் கறவைக்கு முன் மாடுகள் நெருக்கியடித்துக் காத்திருக்கும் இடத்தில் வையுங்கள். பெரும்பாலான பண்ணைகளில் மிகவும் சூடான இடம் அதுதான். கூட்டம் ஒன்றையொன்று உரசி நிற்கும், காற்று புகாது, தண்ணீரும் இருக்காது. நாளில் ஒரு மணி நேரம்தானே என்று அதை விட்டுவிடக் கூடாது.

பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பதிந்துகொள்ளும் கருவி கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் விடியற்காலை 5, காலை 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளை எழுதுங்கள். இரவு 10 மணி அளவையும் விடியற்கால அளவையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: வெப்பநிலை ஈரப்பதக் குறியீட்டைக் கணக்கிடுதல்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரே எண்ணாக்கும் கணக்கு இது. பல வாய்பாடுகள் உண்டு. பண்ணைகளில் அதிகம் புழங்குவது கீழே உள்ளது. ‘வெ’ என்பது செல்சியஸ் வெப்பநிலை, ‘ஈ’ என்பது ஈரப்பதச் சதவீதம்.

குறியீடு = (1.8 × வெ + 32) − (0.55 − 0.0055 × ஈ) × (1.8 × வெ − 26)

30 டிகிரி, 70 சதவீதம் என்றால்: முதல் பகுதி 86. இரண்டாவது 0.165. மூன்றாவது 28. 0.165-ஐ 28-ஆல் பெருக்கினால் 4.6. 86-இலிருந்து அதைக் கழித்தால் 81.4.

இதே கணக்கை 35 டிகிரி, 30 சதவீதத்துக்குப் போட்டால் 80.8 வரும். ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தும் மாட்டின் மேல் விழும் சுமை கிட்டத்தட்ட ஒன்றே. 24 டிகிரி, 90 சதவீதம் உள்ள ஓர் இரவுக்குப் போட்டுப் பாருங்கள்: 74.3. நாம் போர்வையைத் தேடும் அந்த இரவிலும் நல்ல கறவை மாடு எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது.

அந்த எல்லை எது? நெடுங்காலமாக 72 என்றே சொல்லிவந்தார்கள். அது இன்றைய மாடுகளைவிடக் குறைவாகப் பால் தந்த மாடுகளை வைத்துச் சொன்னது. நாளுக்கு 35 கிலோவுக்கு மேல் கறக்கும் மாடுகளை ஆராய்ந்த அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2009-இல் அதை 68-க்கு இறக்கினார்கள். 22 டிகிரி, 50 சதவீதம் என்றாலே ஏறத்தாழ 68 வந்துவிடும். அவர்களின் வகைப்பாடு சுருக்கமாக:

68 முதல் 71 வரை: அயர்ச்சி தொடங்குகிறது. மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும், உடல் வெப்பம் 38.5-க்கு மேல் போகும்.
72 முதல் 79 வரை: லேசானது முதல் நடுத்தரம் வரை. மூச்சு 75-க்கு மேல், உடல் வெப்பம் 39-க்கு மேல்.
80 முதல் 89 வரை: நடுத்தரம் முதல் கடுமை வரை. மூச்சு 85-க்கு மேல், உடல் வெப்பம் 40-க்கு மேல்.
90-க்கு மேல்: மிகக் கடுமை. மூச்சு 120 முதல் 140 வரை, உடல் வெப்பம் 41-க்கு மேல்.

இவை ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு உரியவை. திமில் கொண்ட இனங்கள் இதைவிட அதிகம் தாங்கும். கலப்பின மாடுகள் இடையில் எங்கோ இருக்கும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலும் கறுப்பு. நிழலிலும் தண்ணீரிலும் கிடக்கும்வரை சமாளிக்கும், நேர் வெயிலில் பசுவைவிட வேகமாகச் சூடேறும். ஆகவே அச்சிட்ட அட்டவணையைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மந்தைக்கான எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி படி 5-இல் இருக்கிறது.

அடுத்து, மணிக்கணக்கு. உச்ச அளவைவிட, எல்லைக்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்பது முக்கியம். ஒவ்வொரு மணிக்கும் குறியீட்டிலிருந்து 68-ஐக் கழித்து, மிஞ்சுவதை நாள் முழுவதற்கும் கூட்டுங்கள். 84-இல் நான்கு மணி நேரம் என்றாலும் 64 வரும், 76-இல் எட்டு மணி நேரம் என்றாலும் 64 வரும். கூடவே, எல்லைக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பதையும் தனியாக எழுதுங்கள். இரவில் 21 டிகிரிக்குக் கீழே மூன்று முதல் ஆறு மணி நேரம் கிடைத்தால் பால் இழப்பு பெரிதும் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பகலின் சூடு கடன் என்றால் இந்த மணிகள்தான் அதை அடைக்கும் வரவு.

படி 4: வெயிலையும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுதல்

மேலே உள்ள கணக்கில் வெயிலும் இல்லை, காற்று வீச்சும் இல்லை. மேய்ச்சலில் நிற்கும் மாட்டுக்கு இது பெரிய குறை. இதற்காகத்தான் கருங்கோள வெப்பமானி இருக்கிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் பூசிய செப்புக் கோளத்தின் நடுவில் வெப்பமானி இருக்கும். வெயிலையும் கூரையிலிருந்து இறங்கும் அனலையும் அது மாட்டைப் போலவே வாங்கிக்கொள்ளும். அதற்கான குறியீடு:

கருங்கோளக் குறியீடு = கோள வெப்பநிலை + 0.36 × பனிநிலை வெப்பநிலை + 41.5 (பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை)

பனிநிலை 22 டிகிரியாக இருக்கும் ஒரு பகலில் வெயிலில் கோளம் 42, நல்ல நிழலில் 33 என்று காட்டினால், குறியீடு வெயிலில் 91, நிழலில் 82. காற்றின் வெப்பமும் ஈரமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. சாதாரணக் குறியீடு இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தந்திருக்கும்.

கருங்கோளம் இல்லையென்றால் கவலை வேண்டாம். தகரக் கூரையின் கீழே கையை உயர்த்திப் பிடித்தால் அனல் அடிக்கிறதா, படுக்கும் இடத்தில் ஒரு மெல்லிய நூல் ஆடுகிறதா என்று பாருங்கள். மாடு படுத்திருக்கும் உயரத்தில் நொடிக்கு ஒரு மீட்டராவது காற்று ஓட வேண்டும். நின்றுகொண்டு நம் முகத்தில் படும் காற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். குனிந்து, மாடு படுக்கும் உயரத்தில் அளக்க வேண்டும்.

படி 5: மூச்சை எண்ணுதல்

ஒரே ஓர் அளவுதான் எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். செலவில்லை, மாட்டைத் தொட வேண்டியதில்லை. வெயில், காற்று, ஈரம், பால், இனம் எல்லாவற்றையும் மாடே கூட்டிக் கழித்து விடையாகத் தருகிறது.

மாட்டின் பக்கவாட்டில், அது மிரளாத தூரத்தில் நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. பத்து மூச்சுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது, அரை நிமிடம் எண்ணுவதைவிட எளிது. 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடக் கணக்கு வரும். பத்து மூச்சுக்கு 10 நொடி என்றால் 60. 8 நொடி என்றால் 75. 5 நொடி என்றால் 120. இந்த மூன்றையும் மனத்தில் பதித்துக்கொண்டால் நடந்துகொண்டே மதிப்பிட்டுவிடலாம்.

குறைந்தது பத்து மாடுகள் வேண்டும். சிறிய பண்ணை என்றால் எல்லா மாடுகளும். இரைக்கும் மாடுகளே கண்ணில் முதலில் படும் என்பதால், தேர்வை முன்பே செய்துவிடுங்கள். ஈன்று சில வாரமே ஆனவை, உச்சக் கறவையில் உள்ளவை, கறுப்பு நிறம் மிகுந்தவை, சினை முற்றியவை என்று கலந்து தேர்ந்தெடுத்து, நாள்தோறும் அதே மாடுகளை எண்ணுங்கள். நடந்து வந்த உடனேயும் கறவையிலிருந்து திரும்பிய உடனேயும் எண்ண வேண்டாம். அரை மணி நேரமாவது ஓய்ந்திருக்கட்டும். படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

ஓய்வில் உள்ள கறவைப் பசு சாதாரணமாக நிமிடத்துக்கு 50-க்குள்தான் மூச்சுவிடும். 60-ஐத் தாண்டினால் சூட்டை இறக்க அது தனியாக உழைக்கத் தொடங்கிவிட்டது. பத்தில் ஏழு மாடுகள் 60-ஐத் தாண்டியிருந்தால் அந்தக் கொட்டகை முழுவதற்குமே குளிர்ச்சி போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு மாடுகள் மட்டும் என்றால் அந்த மாடுகளைத் தனியாகப் பாருங்கள்.

இனி, உங்கள் மந்தைக்கான எல்லை. ஒவ்வொரு முறை எண்ணும்போதும் அந்த நேரத்துக் குறியீட்டையும் எழுதிவாருங்கள். மிதமான நாட்கள், சூடான நாட்கள் இரண்டும் கலந்து சில வாரப் பதிவு சேர்ந்ததும், குறியீட்டைக் கிடையாகவும் மூச்சைச் செங்குத்தாகவும் வைத்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். ஒரு கட்டம்வரை புள்ளிகள் ஏறக்குறைய சமமாகப் போகும், அதன்பின் மேல்நோக்கித் திரும்பும். சராசரி மூச்சு 60-ஐக் கடக்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் மந்தையின் எல்லை. ஒரு பண்ணைக்கு அது 67 ஆகவும் இன்னொன்றுக்கு 75 ஆகவும் இருக்கலாம். எந்த அட்டவணையைவிடவும் இந்த எண்ணை நம்புங்கள். விசிறி, தெளிப்பான் எப்போது ஓட வேண்டும் என்பதையும் இதை வைத்தே அமையுங்கள்.

படி 6: இரைப்புக்கு மதிப்பெண் இடுதல்

கூட்டம் பெரிதாக இருந்து எண்ண நேரமில்லாதபோது உதவுவது இது.

0: அமைதியான மூச்சு.
1: லேசான இரைப்பு, வாய் மூடியிருக்கும், எச்சில் ஒழுகாது.
2: வேகமான இரைப்பு, எச்சில் ஒழுகும், வாய் மூடியே இருக்கும்.
3: வாய் திறந்து, கழுத்தை நீட்டி, தலையை உயர்த்தி இரைக்கும்.
4: நாக்கு முழுதும் வெளியே தள்ளி நெடுநேரம் இரைக்கும், எச்சில் மிகுதியாக வடியும்.

இடைப்பட்டவற்றுக்கு அரை மதிப்பெண் இடலாம். 4.5 என்பது அபாய நிலை. தலை கீழே தொங்கிவிடும், விலா முழுதும் இழுத்து இழுத்து மூச்சு வரும், எச்சில் நின்றும்கூடப் போகலாம். அப்போது மூச்சின் எண்ணிக்கை முன்னைவிடக் குறையவும் கூடும். எண்ணை மட்டும் பார்ப்பவர் மாடு தேறுகிறது என்று தவறாக நினைத்துவிடுவார். அதனால்தான் எண்ணிக்கையோடு தோற்றத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

3-ஐத் தொட்ட மாட்டுக்கு அப்போதே உதவி தேவை. நிழலுக்குக் கொண்டுபோய், தோல் நனையுமளவு தண்ணீர் ஊற்றி, விசிறியின் காற்றைப் படவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் முகத்தருகில் இருக்கட்டும். நெடுந்தூரம் நடத்தவோ விரட்டவோ கூடாது. 4-க்குப் போய்விட்டால் இதைச் செய்துகொண்டே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மேல்மயிரில் மட்டும் முத்துமுத்தாகப் படியும் சாரல் போதாது. மயிருக்கடியில் கையை விட்டால் தோல் ஈரமாகத் தட்டுப்பட வேண்டும்.

படி 7: உடல் வெப்பத்தை அளத்தல்

பசுவின் ஆசனவாய் வெப்பம் சாதாரணமாக 38 முதல் 39.3 டிகிரி வரை. வெப்பமானியில் வழவழப்புக்கு ஏதாவது தடவி, 7 முதல் 10 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, நுனி உட்சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு தவறும். சினைப் பரிசோதனை செய்த உடனே காற்று புகுந்திருப்பதால் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் கருவியைக் கழுவிக் கிருமிநாசினியில் துடைக்க வேண்டும்.

எப்போது அளப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் மாட்டின் உடல் வெப்பம் உச்சிக்கு வருவதில்லை. அது சில மணி நேரம் பின்தங்கி, மாலையிலோ முன்னிரவிலோதான் உச்சத்தைத் தொடும். தீவனம் செரிக்கும் சூடும் அப்போது சேர்ந்துகொள்ளும். குறைந்தபட்ச வெப்பம் விடியற்காலையில் இருக்கும். ஆகவே விடியற்காலை 5 மணியை ஒட்டி ஒன்று, மாலை 6 மணியை ஒட்டி ஒன்று என இரண்டு அளவுகளை, அதே பத்து மாடுகளில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்.

காலை 38.5, மாலை 38.9 என்றால் கவலையில்லை.

காலை 38.5, மாலை 39.6 என்றால் பகலில் சூடு ஏறுகிறது, இரவில் இறங்கிவிடுகிறது. பகல் குளிர்ச்சியை, அதிலும் பிற்பகலை, கவனித்தால் போதும்.

காலையிலேயே 39.2, மாலை 40 என்றால் நேற்றைய சூடு இறங்கவில்லை. இன்றையது அதன்மேல் ஏறுகிறது. பகலில் என்ன செய்தாலும் போதாது, விசிறி இரவு முழுதும் ஓட வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் விசிறியை நிறுத்திவிடும் பண்ணைகளில் இந்த நிலை அடிக்கடி காணப்படும். மாடு மிகச் சூடாக இருக்கும் நேரத்தில்தான் அங்கே காற்று நிற்கிறது.

மற்ற மாடுகள் காலையில் சரியாக இருக்க, ஒன்று மட்டும் 40 காட்டினால் அதை வெப்ப அயர்ச்சி என்று ஒதுக்காதீர்கள். அது நோய்க் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். மடி, கருப்பை, நுரையீரல் ஆகியவற்றை மருத்துவர் பார்க்கட்டும். கோடையில் மடிநோய்க் காய்ச்சலைச் சூடு என்று நினைத்து மாட்டை நனைத்துக்கொண்டே நாளைக் கடத்துவது அந்த மாட்டுக்குச் செய்யும் பெரும் தீங்கு.

தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி காட்டுவது தோலின் வெப்பத்தை. வெயில் பட்ட தோல், நனைந்த மயிர், சாணம் பூசிய தொடை எல்லாம் அதைத் திசைதிருப்பும். காய்ந்த, நிழலில் உள்ள தோல் 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளிருந்து சூடு வெளியேற வழி இருக்கிறது என்று மட்டும் அதிலிருந்து அறியலாம். வயிற்றுக்குள் தங்கும் உணரிகள் ஆசனவாயைவிட அரை டிகிரி அளவு கூட்டிக் காட்டும், மாடு தண்ணீர் குடித்ததும் தடாலென்று விழும். அந்த வீழ்ச்சிகளை நீக்கிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

படி 8: நடத்தையைக் கவனித்தல்

சூடேறிய மாடு படுக்காது. நின்றால் உடலின் அதிகப் பரப்பில் காற்றுப் படும் என்பதால் நின்றுகொண்டே இருக்கும். ஓர் ஆய்வில் குறியீடு 56-இலிருந்து 74-க்கு ஏறியபோது மாடுகள் படுக்கும் நேரம் நாளுக்கு 10.9 மணியிலிருந்து 7.9 மணியாகக் குறைந்தது. கோடை முடிந்த பிறகு கால் நொண்டும் மாடுகள் கூடுவதில் இந்த நிற்றலுக்கும் பங்கு உண்டு. கறவைக்கும் தீவனத்துக்கும் நடுவே, மாடுகள் ஓய்வாக இருக்க வேண்டிய ஒரு நேரத்தைத் தேர்ந்து, எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை சும்மா நிற்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்.

ஒரு மூலையில் மாடுகள் நெருங்கி நின்றால் அங்கே காற்றோ நிழலோ கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிக்கும் ஈக்களுக்குப் பயந்தும் அப்படி நெருங்கும். வாலும் காலும் ஓயாமல் உதறினால் ஈ. அசையாமல் நின்று இரைத்தால் சூடு.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நெரிசல், தொட்டி அடிக்கடி காலியாவது, பகலில் தீவனத்தைத் தொடாமல் இரவில் தின்பது, அசைபோடும் மாடுகள் குறைவது ஆகிய எல்லாமே முன்னறிகுறிகள். பால் குறைவதற்கு முன்பே தீவனத் தொட்டியில் மீதி தெரியும். அதை நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள்.

படி 9: பாலோடும் சினையோடும் பொருத்திப் பார்த்தல்

இன்றைய பாலை இன்றைய குறியீட்டோடு ஒப்பிட்டால் தொடர்பே இல்லாதது போலத் தெரியும். இரண்டு நாளுக்கு முந்தைய சராசரிக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். அளவோடு கொழுப்பு, புரதம், மடிநோயைக் காட்டும் உடற்செல் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவனம் குறைவதால்தான் பால் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகளின்படி பால் இழப்பில் சுமார் பாதி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் தீவனக் குறைவு காரணம். மீதி, மாட்டின் உடல் சத்துகளைப் பயன்படுத்தும் விதமே மாறுவதால் வருவது. ஆகையால் அடர்தீவனத்தைக் கூட்டி இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இரைக்கும் மாட்டுக்கு வயிற்று அமிலத்தை ஆற்றும் உமிழ்நீரும் குறைந்திருக்கும் என்பதால் அது புளிப்பு நோயில் கொண்டுபோய் விடலாம்.

சினைக்கு, சினை ஊசி போட்ட மாதவாரியாக எத்தனை மாடுகள் சினை பிடித்தன என்று ஒரு பட்டியல் போதும். வெப்பத்தால் பழுதான கருமுட்டைகள் நீங்கி நல்லவை வர 40 முதல் 60 நாள் வரை ஆகும். கோடை போன பின்னும் சில வாரம் சினைப் பிடிப்பு தாழ்ந்தே இருந்தால் அதை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

படி 10: செய்த மாற்றம் பலித்ததா என்று அளத்தல்

விசிறி போட்டாயிற்று, தெளிப்பான் வைத்தாயிற்று என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மாடு குளிர்ந்ததா என்பதுதான் கேள்வி. தொடங்கும் முன் பத்து மாடுகளின் மூச்சை எண்ணுங்கள், முக்கால் மணி நேரம் கழித்து அதே மாடுகளை எண்ணுங்கள். குறையவில்லை என்றால் தண்ணீர் தோலைத் தொடவில்லை, அல்லது காற்று போதவில்லை.

காற்று வெளியேறாத கொட்டகையில் புகைபோலத் தண்ணீர் தெளிப்பவர்கள் குறியீட்டைக் கட்டாயம் கணக்கிட வேண்டும். தெளிப்பதற்கு முன் 32 டிகிரி, 60 சதவீதம் என்றால் குறியீடு 82.6. தெளித்த பின் 30 டிகிரி, 85 சதவீதம் என்று காட்டினால் 83.7. வெப்பமானி இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது, மாட்டின் சுமையோ ஏறியிருக்கிறது. அங்கே முதலில் திறக்க வேண்டியது சுவர்.

அளவெடுப்பில் விடுபடும் மாடுகள்

பால் வற்றிய சினை மாடுகள் பெரும்பாலும் கொட்டகையின் கடைசி மூலையில், விசிறி இல்லாத இடத்தில் இருக்கும். பால் தராததால் யார் கணக்கிலும் வராது. கன்று ஈனுவதற்கு முந்தைய இந்த வாரங்களில் சூடேறிய மாடு, ஈன்ற பிறகு வானிலை குளிர்ந்திருந்தாலும் குறைவாகவே கறக்கும். அடுத்த கறவைக்கு வேண்டிய மடித்திசு வளரும் காலம் அது. அதன் கன்றும் எடை குறைந்து பிறக்கும், சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியை எடுத்துக்கொள்வதிலும் பின்தங்கும். நீங்கள் எண்ணும் பத்து மாடுகளில் குறைந்தது மூன்று இந்தக் கூட்டத்திலிருந்து இருக்கட்டும். கறவை நின்றதால் இவை உண்டாக்கும் வெப்பம் குறைவுதான் என்றாலும் விடியற்காலையில் இவற்றின் மூச்சும் 60-ஐத் தாண்டியிருந்தால், அடுத்து வாங்கும் விசிறியை இவற்றின் மேல் மாட்டுங்கள்.